ஆர்ட்ஸ்ல மேல படிக்க என்னென்ன வேணும்? வாசகர் கேள்வி – பதில்

டிகிரி ரிசல்ட் வர்ற மாசம் ஆச்சுன்னா இந்தப் பகுதிக்கு வர்ற கேள்வியெல்லாம் ஒரே திசையிலதான் இருக்கும். "எம்.ஏ. சேரலாமா, எத்தனை பர்சன்ட் வேணும்?" இந்தத் தடவையும் அப்படித்தான். ஒரே மாதிரி இருந்ததை எல்லாம் சேர்த்து, கொஞ்சம் வேறுபட்டு இருந்ததை மட்டும் எடுத்து பதில் சொல்லியிருக்கேன். பேர் போட வேண்டாம்னு நிறைய பேர் எழுதியிருந்ததால ஊர் பேர் மட்டும் போட்டிருக்கு.

கேள்வி: நான் 2021ல மெக்கானிக்கல் முடிச்சேன். இப்ப ஐடி வேலை. சின்ன வயசுல இருந்து வரலாறுதான் பிடிக்கும். வேலையை விட்டுட்டு எம்.ஏ. ஹிஸ்டரி படிக்கணும்னு ஆசை. பி.இ. முடிச்சவனை சேத்துப்பாங்களா? பிற்காலத்துல வாத்தியார் ஆக முடியுமா? – கோயம்புத்தூர் வாசகர்

பதில்: சேத்துப்பாங்க தம்பி. ஹிஸ்டரி, சோஷியாலஜி, பொலிட்டிக்கல் சயின்ஸ் மாதிரி படிப்புக்கு "ஏதாவது ஒரு டிகிரி"ன்னு கேக்குற யுனிவர்சிட்டி நிறையவே இருக்கு. மத்திய பல்கலைக்கழகம்னா வழி க்யூட் பிஜி, அதாவது முதுகலைக்கான பொது நுழைவுத் தேர்வு. ஜேஎன்யு, டெல்லி யுனிவர்சிட்டி, பாண்டிச்சேரி, திருவாரூர்ல இருக்குற நம்ம தமிழ்நாடு மத்தியப் பல்கலைக்கழகம் எல்லாத்துக்கும் அதுதான். 75 கேள்வி, 300 மார்க், ஒன்றரை மணி நேரம், தப்பா போட்டா ஒரு மார்க் போயிடும். வழக்கமா மார்ச்ல நடக்கும், அப்ளிகேஷன் அதுக்கு ரெண்டு மூணு மாசம் முன்னாடியே வந்து போயிடும், பி.ஏ. ரிசல்ட் வரட்டும்னு காத்திருந்து ஜூன்ல முழிச்சுக்கிறவங்க வருஷா வருஷம் எனக்கு எழுதுறாங்க. இன்னொண்ணு, க்யூட் எழுதிட்டா எல்லா இடத்துக்கும் தானா போய்ச் சேர்ந்துடும்னு நினைச்சுடாதீங்க. ஸ்கோர் வந்தப்புறம் ஒவ்வொரு யுனிவர்சிட்டி வெப்சைட்லயும் தனித்தனியா பதியணும்.

இப்ப வாத்தியார் விஷயம். இங்கதான் முக்கால்வாசி பேர் மாட்டிக்கிறாங்க. வாத்தியார்ல ரெண்டு வகை இருக்கு, ரெண்டுக்கும் விதி வேற வேற. காலேஜ் உதவிப் பேராசிரியருக்கு எம்.ஏ.ல 55 சதவீதம் வேணும், அதோட நெட் (தேசியத் தகுதித் தேர்வு) இல்லன்னா செட் (மாநிலத் தகுதித் தேர்வு) பாஸ் பண்ணணும். நீங்க பி.இ.யா பி.ஏ.வான்னு அதுல பாக்க மாட்டாங்க, முதுகலை எந்தப் பாடம்கிறதுதான் பேச்சு. ஆனா மேல்நிலைப் பள்ளி முதுகலை ஆசிரியர் வேலைன்னா எம்.ஏ.வோட பி.எட். வேணும், டிஆர்பி (ஆசிரியர் தேர்வு வாரியம்) நோட்டிஃபிகேஷன்ல இளங்கலையும் முதுகலையும் ஒரே பாடமாவோ அதுக்கு இணையான பாடமாவோ இருக்கணும்னு கேப்பாங்க. ரெண்டும் வேற வேற பாடமா இருந்தா அதைத்தான் கிராஸ் மேஜர்னு பேச்சு வழக்குல சொல்றது. மெக்கானிக்கல் முடிச்சு ஹிஸ்டரி எடுத்தா காலேஜ் கதவு திறந்திருக்கும், ஸ்கூல் கதவு கிட்டத்தட்ட மூடிடும். இதை இப்பவே தெரிஞ்சுகிட்டு இறங்குங்க.

உங்களுக்குத் தெரியாத ஒரு நல்ல சேதியும் இருக்கு. 2024 ஜூன்ல இருந்து நாலு வருஷ டிகிரி முடிச்சவங்க 75 சதவீதம் இருந்தா எம்.ஏ. இல்லாமலே நெட் எழுதலாம், இடஒதுக்கீட்டுப் பிரிவுக்கு 5 சதவீதம் தளர்வு. டிகிரி எந்தத் துறையில இருந்தாலும், எதுல பிஎச்டி பண்ணப் போறீங்களோ அந்தப் பாடத்துல எழுதலாம். பி.இ. நாலு வருஷம்தானே? ஆக நீங்க இப்பவே ஹிஸ்டரி நெட் எழுதி ஜேஆர்எஃப் (ஆராய்ச்சிக்கான மாச உதவித்தொகை) வாங்கி பிஎச்டி சேர சட்டப்படி வழி இருக்கு. இந்த வழியில உதவிப் பேராசிரியர் தகுதி மட்டும் கிடைக்காது. ஆனா இந்த வழியில போங்கன்னு நான் சொல்லமாட்டேன். ரெண்டு வருஷம் எம்.ஏ.ல உக்காந்து, இன்னொருத்தர் எழுதினதைப் படிச்சு, அதோட சண்டை போட்டு, நாலு பேப்பர் எழுதிப் பழகாம நேரா பிஎச்டிக்குப் போறவங்க முதல் வருஷமே தலைப்பு கிடைக்காம தவிக்கிறதை நிறைய பாத்திருக்கேன்.

வயசுக் கணக்கையும் போட்டுக்கோங்க. ஜேஆர்எஃப்க்கு உச்ச வயசு 30, ஓபிசி, எஸ்சி, எஸ்டி, மாற்றுத்திறனாளி, பெண்களுக்கு 5 வருஷம் கூட. உதவிப் பேராசிரியர் தகுதிக்கு மட்டும்னா வயசு வரம்பே கிடையாது. பொதுப்பிரிவா இருந்தா இன்னும் மூணு வருஷம் யோசிச்சுட்டு வரலாம்னு இருக்காதீங்க, 37,000 ரூபாய் மாச உதவித்தொகை கைவிட்டுப் போயிடும்.

கேள்வி: என் பொண்ணு பி.ஏ. இங்கிலீஷ்ல மொத்தம் 61 பர்சன்ட், ஆனா மேஜர்ல 52தான். எதை எழுதணும்? கரஸ்ல எம்.ஏ. படிச்சா நெட் எழுத முடியுமா? – தென்காசி வாசகி

பதில்: அம்மா, மார்க் ஷீட்டை எடுத்து வச்சுக்கோங்க. நம்ம ஊரு ஆர்ட்ஸ் டிகிரில பார்ட் ஒண்ணு தமிழ், பார்ட் ரெண்டு இங்கிலீஷ், பார்ட் மூணுதான் மேஜரும் அலைடும். தமிழ்நாட்டுக் கல்லூரிகள்ல எம்.ஏ. ரேங்க் லிஸ்ட் போடும்போது பெரும்பாலும் பார்ட் மூணு மார்க்கைத்தான் எடுப்பாங்க. வெளி மாநில யுனிவர்சிட்டி ஃபார்ம்ல "மொத்த சதவீதம்"னு கேட்டா எல்லா பார்ட்டும் சேர்த்த கணக்கு. ஒவ்வொரு ஃபார்ம்லயும் எதைக் கேக்குறாங்கன்னு படிச்சுட்டு போடுங்க, ரெண்டையும் குழப்பி எழுதி வெரிஃபிகேஷன்ல திரும்பி வந்த பிள்ளைங்க உண்டு.

அலைடையும் சேர்த்தா மேஜர் 52ஐ விட பார்ட் மூணு கொஞ்சம் ஏறலாம், கூட்டிப் பாருங்க. எப்படி இருந்தாலும் பி.ஏ.ல 55 வரலைன்னு பொண்ணு அழ வேண்டாம். நெட்டுக்குக் கேக்குற 55 எம்.ஏ. மார்க். அது ரவுண்டு பண்ணாத 55, அதாவது 54.9 வந்தா 55 ஆகாது. ஓபிசி, எஸ்சி, எஸ்டி, மாற்றுத்திறனாளி, மூன்றாம் பாலினத்தவருக்கு 50 போதும்.

அதுல ஒரு கண்ணி. நம்ம ஊர் பிசி, எம்பிசி சாதிச் சான்றிதழை வச்சுகிட்டு ஓபிசின்னு டிக் அடிச்சா போதாது. சாதி மத்திய அரசு ஓபிசி லிஸ்ட்லயும் இருக்கணும், கிரீமி லேயர் (வசதியான பிரிவு) இல்லன்னு தனியா ஓபிசி சான்றிதழ் வாங்கணும், அதையும் அந்த நிதியாண்டுக்குப் புதுசா வாங்கணும். இ-சேவை மையத்துல அப்ளை பண்ணி தாசில்தார் ஆபீஸ்ல இருந்து வர நாளாகும். க்யூட், நெட் ரெண்டுக்குமே இது வேணும். ஏப்ரல் பொறந்த உடனே போட்டுடுங்க.

கரஸ் விஷயம். தொலைதூரக் கல்வி டிகிரி நெட்டுக்கு செல்லும், அந்த யுனிவர்சிட்டிக்கு அந்தப் படிப்பை நடத்த, அந்த வருஷத்துக்கு, யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) தொலைதூரக் கல்விப் பிரிவோட அனுமதி இருந்தா. இந்த மூணு "அந்த"வும் முக்கியம். யுனிவர்சிட்டி பேரு பெருசுன்னு பாத்து சேராதீங்க, அனுமதி லிஸ்ட்ல பாடத்தோட பேரைத் தேடுங்க. இக்னோ, தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம், சென்னைப் பல்கலைக்கழக தொலைதூரக் கல்வி நிறுவனம் இதெல்லாம் ரொம்ப வருஷமா நடக்குற இடங்கள். இப்ப சேர்றதுக்கு டெப் ஐடின்னு அந்தப் பிரிவோட பதிவு எண் ஒண்ணும் கேக்குறாங்க, ஏபிசி ஐடி (மாணவரோட கிரெடிட் கணக்கு எண்) இருந்தாதான் அது கிடைக்கும். பக்கத்துல ஸ்டடி சென்டர்னு போர்டு மாட்டி "நாங்களே எல்லாம் பாத்துக்கறோம், பரீட்சைக்கு மட்டும் வாங்க"ன்னு சொல்றவங்ககிட்ட பணத்தைக் கொடுத்துடாதீங்க.

கேள்வி: பி.ஏ. ஹிஸ்டரி முதல் வகுப்பு. பட்டியலினத்தைச் சேர்ந்தவன், வீட்டுல முதல் பட்டதாரி. தமிழ்நாட்டு சாதி வரலாறு பத்தி அமெரிக்காவுலயோ இங்கிலாந்துலயோ ஆராய்ச்சி பண்ண ஆசை. ஜிஆர்இ எழுதணுமா? என்னென்ன கேப்பாங்க, பணத்துக்கு என்ன வழி? – திருநெல்வேலி வாசகர்

பதில்: ஜிஆர்இ (அமெரிக்க மேல்படிப்புச் சேர்க்கைக்கான பொதுத் தேர்வு) பத்தி முதல்ல கேக்குறதால சொல்றேன், அது இப்ப பெரிய விஷயமே இல்ல. ஹிஸ்டரி, இலக்கியம், மானிடவியல் துறைகள்ல நிறைய இடத்துல ஜிஆர்இயை எடுத்தே விட்டுட்டாங்க. அவங்க நிஜமா பாக்குறது மூணு விஷயம்: எதுக்கு வர்றீங்கன்னு நீங்களே எழுதுற எஸ்ஓபி, மூணு பேராசிரியர் கொடுக்குற சிபாரிசுக் கடிதம், ரைட்டிங் சாம்பிள். டிரான்ஸ்கிரிப்ட் (யுனிவர்சிட்டி தர்ற மார்க் பட்டியல்), டோஃபல் அல்லது ஐஇஎல்டிஎஸ் ஆங்கிலத் தேர்வு எல்லாம் இருக்கணும், ஆனா அதை வச்சு யாரையும் எடுக்குறதில்ல.

ரைட்டிங் சாம்பிள்தான் நம்ம பசங்களுக்கு இடி. 15, 20 பக்கத்துக்கு நீங்களே ஆராய்ஞ்சு எழுதின கட்டுரை கேப்பாங்க. நம்ம பி.ஏ.ல என்ன எழுதுறோம்? அஞ்சு மார்க், பத்து மார்க், நோட்ஸ்ல இருந்ததை அப்படியே. மூணு வருஷத்துல ஒரு தடவை கூட சொந்தமா ஒரு கேள்வி கேட்டு அதுக்கு ஆதாரம் தேடி எழுதாத முதல் வகுப்பு பட்டதாரிங்க எத்தனை பேர், அது அவங்க தப்பும் இல்ல. அதனால உங்களுக்கு வேலை இங்கதான் தொடங்கணும். சென்னை தரமணியில ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் இருக்கு, செட்டிநாட்டு கோட்டையூர்ல ஒரு தனிமனிதர் சேர்த்த புத்தகம், பத்திரிகைகளை வச்சு சிகாகோ யுனிவர்சிட்டி உதவியோட 1994ல ஆரம்பிச்சது. எழும்பூர்ல தமிழ்நாடு ஆவணக் காப்பகம். ரெண்டுலயும் போய் உக்காருங்க. பெரிய தலைப்பு வேண்டாம். உங்க தாலுகாவுல ஒரு பள்ளிக்கூடம், ஒரு குளம், ஒரு வழக்கு, இதுல ஒண்ணைப் பத்தி அந்தக் கால அரசு ஆணை என்ன சொல்லுது, அப்ப வந்த தமிழ்ப் பத்திரிகை என்ன சொல்லுது, ரெண்டும் ஏன் ஒத்துப்போகலன்னு மட்டும் எழுதுங்க. 15 பக்கம் தானா வரும். அதுல பழைய தமிழ்ப் பத்திரிகை எழுத்தை நேரடியா படிச்சு மேற்கோள் காட்டுறீங்க பாருங்க, அங்க உக்காந்து தமிழ் கத்துக்கிட்டு வர்ற மாணவனுக்கு வருஷக்கணக்கு பிடிக்கிற வேலை அது, உங்களுக்கு வீட்டுலயே வந்தது.

எஸ்ஓபில "சின்ன வயசுல இருந்தே எனக்கு வரலாறு மேல தீராத ஆர்வம்"னு ஆரம்பிக்காதீங்க. வர்றதுல பாதி அப்படித்தான் ஆரம்பிக்குது. முதல் வரிலயே கேள்வியைச் சொல்லிடுங்க: எந்த ஊரு, எந்தக் காலம், எது உங்களுக்குப் புரியல. அப்புறம் அந்தத் துறையில யாரோட சேர்ந்து வேலை பாக்க நினைக்கிறீங்க, ஏன்னு. அவங்க எழுதினதைப் படிச்சுட்டு எழுதணும், வெப்சைட்ல பேரைப் பாத்துட்டு எழுதினா அவங்களுக்கே தெரிஞ்சுடும்.

சிபாரிசுக் கடிதம் இன்னொரு தலைவலி. நம்ம ஊரு வழக்கம் தெரியும்ல, "நீயே டைப் பண்ணி எடுத்துட்டு வாப்பா, கையெழுத்துப் போட்டுத் தர்றேன்"ம்பாங்க. மூணு கடிதமும் ஒரே நடையில, மூணுலயும் ஒரே "ஹார்ட் ஒர்க்கிங் அண்ட் சின்சியர்" இருந்தா படிக்கிறவங்க என்ன நினைப்பாங்க? உங்க சார்கிட்ட ஒரு பக்கக் குறிப்பு கொடுங்க: எந்த வருஷம் எந்த பேப்பர் அவர்கிட்ட படிச்சீங்க, என்ன எழுதினீங்க, கிளாஸ்ல எதைப் பத்தி கேள்வி கேட்டீங்க. அவரையே எழுதச் சொல்லுங்க. காலேஜ் இமெயில்ல இருந்து அனுப்புறது நல்லது, அதுக்கு காலேஜ்ல மெயில் ஐடி இருக்கான்னு முதல்லயே விசாரிங்க.

இப்ப மூணு வருஷ டிகிரி சிக்கல். அமெரிக்காவுல டிகிரி நாலு வருஷம், அதனால நம்ம மூணு வருஷ பி.ஏ.வை சில இடம் ஏத்துக்கும், சில இடம் ஏத்துக்காது. இங்க ஒரு எம்.ஏ. முடிச்சுட்டுப் போனா அந்தப் பேச்சே வராது, ரைட்டிங் சாம்பிளும் அதுக்குள்ள கையில இருக்கும். இங்கிலாந்துல மூணு வருஷ டிகிரி பிரச்சினையே இல்ல, எம்.ஏ.வும் ஒரே வருஷம். ஆனா செலவு நம்மளோடது. அமெரிக்கால எம்.ஏ.க்கு பெரும்பாலும் காசு நாமதான் கட்டணும், பிஎச்டிக்கு நல்ல துறைகள் ஃபீஸைத் தள்ளி, மாசச் செலவுக்கும் கொடுத்து, பாடம் நடத்துற வேலையும் கொடுப்பாங்க. அதனாலதான் போட்டி கடுமை. 2025ல நிலைமை இன்னும் மோசமாச்சு, சிகாகோ யுனிவர்சிட்டி மாதிரி இடமே மனிதவியல் (ஹ்யூமானிட்டீஸ்) பிரிவுல பல துறைகளுக்கு அடுத்த வருஷ பிஎச்டி சேர்க்கையை நிறுத்தி வச்சது. ஒரே நாட்டை நம்பி இருக்காதீங்க. அப்ளிகேஷன் கட்டணமே ஒரு இடத்துக்கு 75ல இருந்து 125 டாலர் வரைக்கும் ஆகும், கட்டண விலக்கு கேட்டு மெயில் போடுங்க, கேக்க கூச்சப்பட வேண்டாம்.

பணம். இதை கவனமா படிங்க. மத்திய அரசோட நேஷனல் ஓவர்சீஸ் ஸ்காலர்ஷிப், பட்டியலினத்தவருக்கு, குடும்ப வருமானம் 8 லட்சத்துக்குள்ள, வயசு 35க்குள்ள, 60 சதவீதம் மார்க். எல்லாம் உங்களுக்குப் பொருந்தும். ஆனா 2022ல விதியை மாத்தினாங்க: இந்தியப் பண்பாடு, பாரம்பரியம், வரலாறு, இந்தியாவைப் பத்தின சமூக ஆய்வு, இந்தத் தலைப்புக்கெல்லாம் வெளிநாட்டுல படிக்க இந்த உதவித்தொகை கிடையாது. அதாவது நீங்க சொன்ன தலைப்பு அப்படியே அந்த விதிக்குள்ள வந்து விழுது. யாருக்காக இந்தத் திட்டமோ அவங்க எதைப் படிக்க விரும்புவாங்களோ அதையே வெட்டின விதி, எனக்கு இதுல நியாயம் எதுவும் தெரியல. உங்களுக்கு வேற வழி தமிழ்நாடு அரசோட அண்ணல் அம்பேத்கர் அயல்நாட்டு உயர்கல்வி உதவித்தொகை. ஆதிதிராவிடர், பழங்குடியினர் மாணவர்களுக்கு வருஷத்துக்கு 36 லட்சம் வரைக்கும், மனிதவியல், சமூக அறிவியலும் அதுல சேர்த்திதான். ஆதிதிராவிடர் நலத்துறையில கேளுங்க. இங்கிலாந்துன்னா ஃபீலிக்ஸ் ஸ்காலர்ஷிப் இருக்கு, ஆக்ஸ்ஃபோர்டு, சோவாஸ், ரெடிங் மூணு இடத்துக்கும். ஃபுல்பிரைட் நேரு முதுகலை உதவித்தொகைக்கு இப்ப போடாதீங்க, அவங்க மூணு வருஷ வேலை அனுபவம் கேப்பாங்க.

கேள்வி: 2015ல எம்.ஃபில். முடிச்சேன். எம்.ஃபில்.ஐ ரத்து பண்ணிட்டாங்களாமே, என் சர்டிஃபிகேட் செல்லாதா? – வேலூர் வாசகி

பதில்: செல்லும். 2022 நவம்பர்ல வந்த யுஜிசி பிஎச்டி விதிமுறைல இனிமே எம்.ஃபில். நடத்தக் கூடாதுன்னாங்க, அப்புறமும் சில இடம் ஆள் சேர்த்ததால 2023 டிசம்பர்ல சேராதீங்கன்னு எச்சரிக்கையும் விட்டாங்க. அதுக்கு முன்னாடி முறையா முடிச்சவங்களுக்கு ஒண்ணும் ஆகாது. 55 சதவீதம் இருந்தா அதை வச்சு பிஎச்டிக்கும் போகலாம்.

கேள்வி: நான் பத்தாவதுக்கு அப்புறம் படிக்கல. ஓபன் யுனிவர்சிட்டில நேரடியா எம்.ஏ. தமிழ் முடிச்சிருக்கேன். பதவி உயர்வுக்கு ஏத்துக்க மாட்டேங்குறாங்க. – சிவகங்கை வாசகர்

பதில்: கஷ்டம்தான் சார். பத்து, பிளஸ் டூ, மூணு வருஷ டிகிரி, அப்புறம் முதுகலை, இந்த வரிசையில வந்தாதான் இங்க அரசு வேலைக்குக் கணக்கு. அடிப்படை டிகிரி இல்லாம வாங்குற முதுகலை செல்லாதுன்னு 2009ல அண்ணாமலைப் பல்கலைக்கழக வழக்குல சுப்ரீம் கோர்ட்டே சொல்லிடுச்சு. திரும்ப பிளஸ் டூ தனித்தேர்வு எழுதி வர மனசு இருந்தா வாங்க. இல்லன்னா படிச்ச தமிழ் உங்ககிட்டதான் இருக்கு, அதை வச்சு சந்தோஷமா இருங்க, கேஸ் போட்டு காசை விடாதீங்க.

கேள்வி: பி.எட். ரெகுலர்ல படிச்சுகிட்டே எம்.ஏ. கரஸ்ல படிக்கலாமா? – தர்மபுரி வாசகர்

பதில்: 2022ல இருந்து ரெண்டு டிகிரி ஒரே நேரத்துல படிக்க யுஜிசி அனுமதி கொடுத்திருக்கு. பிஎச்டிக்கு அது பொருந்தாது. ஆனா பி.எட். மாதிரி தனி கவுன்சில் இருக்குற படிப்புக்கு அவங்க விதியும் சேரும், அதனால ரெண்டு யுனிவர்சிட்டிலயும் எழுத்துல கேட்டு பதில் வாங்கி வச்சுக்கோங்க. வாயால சொன்னாங்கன்னு பின்னாடி யார்கிட்டயும் காட்ட முடியாது.

கேள்வி: என் பையன் ஃபிலாசஃபி படிக்கணும்ங்கிறான். அதைப் படிச்சு என்ன வேலை கிடைக்கும்? – ஈரோடு வாசகர்

பதில்: அப்பாக்கள் கேக்குற கேள்வி, கேக்கவும் வேணும். யுபிஎஸ்சில ஃபிலாசஃபி ஒரு விருப்பப் பாடம். நெட்ல பாடம். இன்ஜினியரிங் மேல்படிப்புக்கு எழுதுற கேட் (GATE) தேர்வுலயே 2021ல இருந்து மனிதவியலுக்குன்னு தனி பேப்பர் வந்து, அதுல ஃபிலாசஃபி ஒரு பிரிவு, அதை வச்சு ஐஐடி மனிதவியல் துறைகள்ல பிஎச்டிக்குப் போடலாம். மூணாம் வருஷம் படிக்கும்போதே அந்த கேட்டை எழுதலாம், ஸ்கோர் மூணு வருஷம் செல்லும். இதுக்கு மேல, நாலு பக்கம் தெளிவா எழுதவும் அடுத்தவன் வாதத்துல ஓட்டை எங்கன்னு பாக்கவும் தெரிஞ்சவனுக்கு எங்கயும் வேலை இருக்கு. பையன்கிட்ட பேசிப் பாருங்க. ஒரு பேராசிரியர் பேரையோ ஒரு கேள்வியையோ சொன்னான்னா அனுப்புங்க. "கணக்கு வராது, அதான்"னு சொன்னான்னா வேண்டாம், அங்க லாஜிக் பேப்பர் இருக்கு.

கேள்வி: எஸ்ஓபியை சாட்ஜிபிடில எழுதி அனுப்பலாமா? என் ஃபிரெண்ட்ஸ் எல்லாம் அப்படித்தான் பண்றாங்க. – புதுச்சேரி வாசகி

பதில்: ஸ்பெல்லிங், கிராமர் பாத்துக்கிறதுக்கு எடுத்துக்கோங்க, அதையும் அந்த யுனிவர்சிட்டி அனுமதிக்குதான்னு பாத்துட்டு, சில ஃபார்ம்ல நானே எழுதினதுன்னு உறுதி கொடுக்கச் சொல்றாங்க. முழுசா எழுத விடாதீங்க. உங்க கல்லூரி லைப்ரரில எந்த அலமாரில எதைப் பாத்து இந்தத் தலைப்பு வந்துச்சுங்கிறது அதுக்குத் தெரியாது, அந்த இடத்துல அழகா ஒரு பொய்யைப் போட்டு நிரப்பும். இன்டர்வியூல அதைத்தான் முதல்ல கேப்பாங்க. முதல் டிராஃப்டை தமிழ்லயே எழுதிப் பாருங்க, அப்புறம் இங்கிலீஷ்ல எழுதுங்க. டிசம்பர் கடைசி தேதின்னா ஆகஸ்ட்ல உக்காருங்க, டிரான்ஸ்கிரிப்டுக்கும் அதே மாசம் அப்ளை பண்ணிடுங்க, அது வர்றதுக்கு எப்பவும் நாம நினைக்கிறதை விட நாளாகும்.